ஓப்பன்எஸ்எஸ்எச் ரிக்ரஷன் டெஸ்ட்: ‘எல்லாம் பாஸ்’ என்று வந்தால் வெளியிட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேறொரு மெஷினில் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் மூலநிரலோடு சொந்தமாக ஒரு சின்ன பேட்ச் (நிரல் மாற்றம்) சேர்த்து பில்ட் செய்கிறீர்கள். லாகின் தோல்வி, லாகின் டைம்அவுட் இரண்டையும் கூடுதல் விவரத்தோடு லாகில் எழுதும் பேட்ச் அது. 8.4-இல் இருந்து நேராக 9.9-க்கு வந்திருக்கிறீர்கள். முன்பு வேலை செய்தது எதுவும் உடைந்துவிட்டதா என்று பார்க்கும் ரிக்ரஷன் டெஸ்ட் தொகுப்பை கன்டெய்னருக்குள் ‘மேக் டெஸ்ட்ஸ்’ என்று ஓட்டினால் ஒன்பது டெஸ்ட் ஸ்கிப் ஆகிறது, ஃபார்வர்டிங் (போர்ட்களை எஸ்எஸ்எச் இணைப்பு வழியே திருப்பிவிடுவது) டெஸ்ட் மட்டும் சில நாள் ஃபெயில், சில நாள் பாஸ், திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் பாஸ். வெளியிடலாமா, எல்லாமே பாஸ் ஆனால் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வெளியிடாதீர்கள். ஃபெயில் ஆகும் அந்த ஒரு டெஸ்ட்டுக்காக இதைச் சொல்லவில்லை, அது பெரும்பாலும் போர்ட் மோதலாக இருக்கும், கீழே வருகிறேன். ஸ்கிப் ஆன ஒன்பதும், பாஸ் ஆன ஒரு குறிப்பிட்ட டெஸ்ட்டும்தான் எனக்குக் கவலை தருகின்றன. பாஸ் என்ற சொல்லுக்கு அர்த்தம் வர வேண்டுமானால் எந்த பைனரி (பில்ட் செய்து கிடைக்கும் ஓடும் கோப்பு) ஓடியது, எது ஓடவே இல்லை, ஓடியது எதைச் சரிபார்த்தது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த முடிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எந்த பைனரி என்பதில் தொடங்குவோம், ஏனென்றால் இதில்தான் நான் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மூன்று வாரம் தினமும் எல்லா டெஸ்ட்டும் பாஸ். பேட்சில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்துப் பார்த்தேன், அப்போதும் பாஸ். தேடிப் பார்த்தால், பில்ட் ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ ஒரு சூழல் மாறியை வைத்து, டெஸ்ட்டுக்கான சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டி-யை மெஷினில் ஏற்கெனவே நிறுவியிருந்த பழைய பைனரிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். இந்த டெஸ்ட் தொகுப்பில் கிளையன்ட்டான எஸ்எஸ்எச், சர்வரான எஸ்எஸ்எச்டி, சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட், சாவிகளை உருவாக்கும் கீஜென் என ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு மாறி உண்டு. வேறு பைனரியை வைத்துச் சோதிக்க உதவும் நல்ல வசதிதான், ஆனால் மறந்துபோனால் இப்படி ஆகும். அதனால் ஓட்டம் தொடங்கும்போதே ஒவ்வொரு பைனரியின் முழுப் பாதையையும் பதிப்பு எண்ணையும் லாகில் எழுதச் செய்யுங்கள்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 9.8-இல் இருந்து எஸ்எஸ்எச்டி ஒரே பைனரியாக இல்லை: போர்ட்டில் காத்திருந்து இணைப்பை வாங்கும் பகுதி தனி, ஒவ்வொரு இணைப்பையும் நடத்தும் ‘எஸ்எஸ்எச்டி-செஷன்’ தனி. 10.0-இல் அங்கீகாரப் பகுதியையும் பிரித்து ‘எஸ்எஸ்எச்டி-ஆத்’ என்று இன்னொன்று வந்துவிட்டது. காத்திருக்கும் பகுதி செஷன் பைனரியை ஒரு பாதையில் தேடிப் பிடித்துத்தான் ஓட்டுகிறது. புதிய டெஸ்ட் தொகுப்பு அந்தப் பாதையை பில்ட் கோப்புறைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். 8.4 காலத்து டெஸ்ட் ஸ்கிரிப்ட்களை நீங்கள் தனியாகப் பிரதி எடுத்து வைத்து அதையே இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், அதற்கு இந்தப் பாதை பற்றி எதுவும் தெரியாது. சிஸ்டத்தில் நிறுவியிருக்கும் செஷன் பைனரிதான் ஓடும், உங்கள் பேட்ச் இருக்கும் பைனரி ஓடவே ஓடாது. டெஸ்ட் ஸ்கிரிப்ட்கள் எப்போதும் அந்தந்த வெளியீட்டோடு வந்தவையாகவே இருக்கட்டும், உங்களுடையதை அதன்மேல் சேருங்கள்.

சரி, ‘மேக் டெஸ்ட்ஸ்’ என்று அடித்தால் என்ன நடக்கிறது? சாவிக் கோப்புகளை ஒரு வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஒப்பிடும் சிறு சோதனைகள் சில, சி மொழியில் எழுதிய யூனிட் டெஸ்ட்கள் ஒரு தொகுதி, அப்புறம் பெரும்பகுதியான ஷெல் ஸ்கிரிப்ட்கள். இந்த ஸ்கிரிப்ட்களில்தான் நிஜமான கிளையன்ட்டும் நிஜமான சர்வரும் ஒன்றோடொன்று பேசுகின்றன. இந்த ஷெல் ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றையும் ஓட்டுவது ‘டெஸ்ட்-எக்ஸெக்’ என்ற ஒரே ஸ்கிரிப்ட். தற்காலிகச் சாவிகள், கான்ஃபிக் கோப்புகள், லாக் எல்லாவற்றையும் அதுதான் தயார் செய்கிறது. அதை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துவிடுங்கள், ஒரு மாலை நேரம் போதும், அதற்குப் பிறகு எந்த ஃபெயிலைப் பார்த்தாலும் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. பெரும்பாலான டெஸ்ட்கள் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. கிளையன்ட்டுக்கு ‘பிராக்ஸிகமாண்ட்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறதல்லவா, அதில் சர்வரையே நேரடியாக ஓட்டச் சொல்லி, இரண்டையும் ஒரு பைப்பால் இணைத்துவிடுகிறார்கள். சில ஸ்கிரிப்ட்களில் இணைய வேண்டிய முகவரி 999.999.999.999 என்று இருக்கும், அப்படி ஒரு முகவரி இருக்கவே முடியாது. போர்ட் வேண்டாம், ஃபயர்வால் தொல்லை இல்லை. ஃபெயில் வரும்போது இந்த ஏற்பாடு நல்ல துப்பும் தருகிறது: பைப் வழியாக இணையும் டெஸ்ட் பாஸ் ஆகி, போர்ட் வழியாக இணையும் டெஸ்ட் ஃபெயில் ஆனால், கோளாறு புரோட்டகாலிலோ சாவிகளிலோ இல்லை, போர்ட், ஃபயர்வால், லூப்பேக் முகவரி இந்த வட்டாரத்தில் இருக்கிறது. இரண்டுமே ஃபெயில் என்றால் முதலில் கோப்புறை அனுமதிகளைப் பாருங்கள். பில்ட் கோப்புறையில் மற்றவர்களும் எழுதலாம் என்று அனுமதி திறந்திருந்தால், அங்கே உள்ள சாவிக் கோப்பை நம்ப மாட்டேன் என்று எஸ்எஸ்எச்டி தன் வழக்கப்படியே மறுத்துவிடும், அது செய்வது சரிதான். அந்தப் பரிசோதனையைத் தளர்த்த ஒரு மாறி இருக்கிறது, ஆனால் அனுமதியைச் சரிசெய்வதே மேல்.

இப்போது அந்த ஒன்பது ஸ்கிப். ஸ்கிப்பை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை. கடைசி வரியில் எல்லாம் பாஸ் என்றுதான் வரும். உங்கள் லாகில் ஒவ்வொன்றின் காரணமும் ஒரு வரியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். சாதாரணப் பயனராக, சூடோ (ரூட் உரிமையோடு ஓட்டும் கமாண்ட்) இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் வெளியே ஒரு கமாண்டை ஓட்டிச் சாவிகளைக் கேட்டு வாங்கும் வசதிக்கான டெஸ்ட், சான்றிதழ் பெயர்களை அதேபோல் கேட்டு வாங்கும் டெஸ்ட், கோப்பு பரிமாறும் எஸ்எஃப்டிபி-யை ஒரு கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் டெஸ்ட், வேறொரு பயனர் உங்கள் ஏஜென்ட்டிடம் பேச முடியாது என்று உறுதிசெய்யும் டெஸ்ட் இவையெல்லாம் ஸ்கிப்தான். இந்த நான்குமே பாதுகாப்பு எல்லையைக் காவல் காக்கும் டெஸ்ட்கள். மீதம் உள்ளவை புட்டி, டிராப்பேர், கான்ச் போன்ற மற்ற மென்பொருள்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவையாக இருக்கலாம். அவை மெஷினில் இல்லாவிட்டால் ஸ்கிப் ஆகும், நிறுவிவிட்டால் ஓடும்.

சூடோ விஷயம் அந்த நான்கு டெஸ்ட்டோடு முடிந்துவிடுவதில்லை. சூடோ மாறியைக் கொடுத்தால் தொகுப்பு முழுவதிலும் சர்வர் ரூட்டாகத் தொடங்குகிறது. கொடுக்காவிட்டால் அது சாதாரணப் பயனராக ஓடும், வேறு யாராகவும் மாற முடியாது, அங்கீகாரத்துக்கு முன்னால் உள்ள பகுதி தன்னை வெற்றுக் கோப்புறைக்குள் அடைத்துக்கொண்டு உரிமைகளைக் கைவிடும் வேலையும் நடக்காது. அதாவது நீங்கள் வெளியிடப்போகும் சர்வர் நிஜத்தில் எந்த வழியாக ஓடுமோ அந்த வழி டெஸ்ட்டில் ஓடவே இல்லை. அதனால் இரண்டு முறை ஓட்டுங்கள், ஒருமுறை சூடோ இல்லாமல், ஒருமுறை சூடோவோடு. கன்டெய்னருக்குள் ரூட்டாகவே இருந்துகொண்டு ஓட்டுவது இதற்கு ஈடாகாது. இன்னொரு பயனர் மறுக்கப்பட வேண்டும் என்று பார்க்கும் டெஸ்ட்களுக்குச் சாதாரணப் பயனர் ஒருவர் வேண்டும். சாதாரணப் பயனர் கணக்கு, அதற்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ, அப்புறம் ‘எஸ்எஸ்எச்டி’ என்ற பெயரில் உரிமைப் பிரிப்புக்கான பயனர், ரூட் மட்டுமே எழுதக்கூடிய வெற்றுக் கோப்புறை, இவ்வளவும் இருக்கிற, வேலை முடிந்ததும் அழித்துவிடக்கூடிய ஒரு மெய்நிகர் மெஷின்தான் சரியான இடம்.

யாரும் கவனிக்காத இன்னொரு ஓட்டை இருக்கிறது. சைஃபர்களையும் (மறையாக்க முறைகள்) மேக் அல்காரிதங்களையும் (வழியில் தரவு மாறவில்லை என்று உறுதிசெய்பவை) ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்துச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அது பட்டியலை எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? அந்த பைனரியிடமே கேட்கிறது, ‘உன்னிடம் என்னென்ன சைஃபர் இருக்கிறது’ என்று. எஸ்எஸ்எச் கமாண்டுக்குப் பெரிய ‘க்யூ’ என்ற ஒரு தேர்வு உண்டு, அதன் விடைதான் பட்டியல். பில்டில் ஏதோ ஒரு நூலகம் சரியாகச் சேராமல் பாதி சைஃபர்கள் காணாமல் போனால், பட்டியலும் பாதியாகும், இருக்கிற பாதி பாஸ் ஆகும், டெஸ்ட் பாஸ் என்றே வரும். டெஸ்ட்டின் மேல் தப்பில்லை, இருப்பது வேலை செய்கிறதா என்று கேட்பதுதான் அதன் வேலை. இருக்க வேண்டியது இருக்கிறதா என்று கேட்பது உங்கள் வேலை. சைஃபர், மேக், சாவிப் பரிமாற்றம், சாவி வகை நான்குக்கும் அந்த விடையைக் கோப்பில் சேமித்து, போன பில்டோடு ஒப்பிடுங்கள். நீங்கள் 8.4-இல் இருந்து வருவதால் வேறுபாடு நிறைய வரும், ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிய வேண்டும். இயல்புநிலை மாற்றங்கள் சில அந்தப் பட்டியலில் தெரியவே தெரியாது: ஷா-1 கொண்டு கையெழுத்திடும் பழைய ஆர்எஸ்ஏ முறை 8.8-இல் (2021) இயல்பாக அணைக்கப்பட்டது, 9.0-இல் (2022) கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி கமாண்ட் உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி வழியாக ஓடத் தொடங்கியது. டெஸ்ட் தொகுப்பு இவற்றைச் சரியென்றே சொல்லும், ஏனென்றால் திட்டத்தின் பார்வையில் சரிதான். உங்கள் பழைய கருவிகள் உடைந்துபோகுமா என்பதை உங்கள் சொந்த டெஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

ஃபார்வர்டிங் டெஸ்ட்டுக்கு வருகிறேன். போர்ட் வழியாக ஓடும் டெஸ்ட்களில் சர்வர் வழக்கமாக 4242-ஆம் போர்ட்டில் நிற்கும், ஃபார்வர்டிங் டெஸ்ட் அதோடு 3300-ஐ ஒட்டிய போர்ட்கள் பலவற்றையும் எடுத்துக்கொள்ளும். எண்கள் ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் கன்டெய்னர்கள் ஹோஸ்ட் மெஷினின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு பில்ட் ஓடினால், இரண்டும் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். சில நாள் மட்டும் ஃபெயில், திரும்ப ஓட்டினால் பாஸ் என்ற உங்கள் அறிகுறி இதோடு பொருந்துகிறது. ஆனால் என் ஊகத்தை நம்ப வேண்டாம், லாகைப் பாருங்கள். ஃபெயில் ஆனால் ரிக்ரெஸ் கோப்புறைக்குள் ‘ஃபெயில்ட்’ என்று தொடங்கும் மூன்று கோப்புகள் இருக்கும்: கிளையன்ட்டின் லாக், சர்வரின் லாக், டெஸ்ட் ஸ்கிரிப்ட்டின் லாக். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி அங்கே இருந்தால் விஷயம் முடிந்தது, ஒவ்வொரு பில்டுக்கும் தனி நெட்வொர்க் கொடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அது உங்கள் பேட்ச் கிளப்பிவிட்ட உண்மையான போட்டி நிலைப் பிழையாகவும் (இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) இருக்கலாம். அந்த ஒரு ஸ்கிரிப்ட்டை மட்டும் ‘எல்டெஸ்ட்ஸ்’ மாறியில் கொடுத்து ஐம்பது முறை சுழற்றி ஓட்டுங்கள், பேட்சோடு ஒருமுறை, பேட்ச் இல்லாமல் ஒருமுறை, இரண்டையும் ஒப்பிட்டால் யார் காரணம் என்று தெரிந்துவிடும். பாஸ் ஆகும்வரை திரும்ப ஓட்டுவது மட்டும் வேண்டாம். போட்டி நிலைப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும், தலைகாட்டிய அன்று அதை அழித்துவிட்டு மறுநாள் வரவில்லை என்று நிம்மதி அடைந்தால், அது உங்கள் பயனர்களிடம்தான் போய் நிற்கும்.

நல்ல டெஸ்ட் எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இந்தத் தொகுப்பிலேயே இரண்டு ஸ்கிரிப்ட்கள் போதும். ‘ரீகீ’ என்பது ஒன்று. இணைப்பின் நடுவில் சாவிகளைப் புதுப்பிக்கும் வேலையைச் சோதிக்கிறது. சாதாரணமாக நாம் எழுதினால் என்ன செய்வோம், புதுப்பிக்கும் வரம்பைச் சிறியதாக வைத்து, பெரிய கோப்பை அனுப்பி, அந்தப் பக்கம் அப்படியே வந்ததா என்று ஒப்பிட்டுவிட்டு முடித்துவிடுவோம். இது அதோடு நிற்காமல் லாகைத் திறந்து, புதிய சாவி அனுப்பப்பட்டது என்ற வரி எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறது; முதல் முறையைக் கழித்துவிட்டு ஒருமுறைகூட மிஞ்சவில்லை என்றால் ஃபெயில். ஏனென்றால் புதுப்பித்தல் நடக்கவே இல்லை என்றாலும் கோப்பு சரியாகத்தான் போய்ச்சேரும். இன்னொன்று ‘இன்டெக்ரிட்டி’. கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு சின்ன நிரலை வைத்து, ஓடும் தரவில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டு, மறுபக்கம் அதைக் கண்டுபிடித்து இணைப்பை அறுக்கிறதா என்று பார்க்கிறது, அதையும் ஒவ்வொரு மேக் அல்காரிதத்துக்கும் பல இடங்களில் திரும்பத் திரும்ப. மெதுவாக ஓடுகிறது என்று இதை ஸ்கிப் பட்டியலில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து போடாதீர்கள்.

‘மறுக்க வேண்டும்’ வகை டெஸ்ட் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். தடை செய்த பயனராக இணையப் பார், இணைந்துவிட்டால் ஃபெயில் என்று எழுதுவோம். சர்வர் தொடங்கவே இல்லை என்றாலும் இணைப்பு கிடைக்காது, டெஸ்ட் பாஸ்! கான்ஃபிக்கில் ஒரு எழுத்துப் பிழை போதும், அந்த டெஸ்ட் வருடக்கணக்கில் எதையும் சோதிக்காமலே பாஸ் ஆகிக்கொண்டிருக்கும். அதே கான்ஃபிக்கில், அனுமதி உள்ள பயனர் இணைய முடிகிறது என்பதை முதலில் காட்டிவிட்டு, பிறகு மற்றவர் மறுக்கப்படுவதைக் காட்டுங்கள். வெளியேறும் எண்ணையும் பாருங்கள், கிளையன்ட் தன் பக்கத்துப் பிழைக்கு 255 தரும், மற்றபடி மறுமுனையில் ஓடிய கமாண்டின் எண் அப்படியே வரும். மறுப்புக்கான காரணம் சர்வர் லாகில் நீங்கள் எதிர்பார்த்ததுதானா என்று தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

கன்டெய்னரில் ஓட்டுவது பற்றி ஒரே ஒரு விஷயம். லினக்ஸில் அங்கீகாரத்துக்கு முந்தைய பகுதி செக்காம்ப் வடிகட்டிக்குள் ஓடுகிறது. அனுமதிப் பட்டியலில் இல்லாத சிஸ்டம் கால் (கர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) எதையாவது அழைத்தால் கர்னல் அதை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். எந்தச் சிஸ்டம் கால் அழைக்கப்படும் என்பது உங்கள் நிரலில் மட்டும் இல்லை, சி நூலகத்தின் பதிப்பிலும் இருக்கிறது. பழைய நூலகம் உள்ள கன்டெய்னரில் பாஸ் ஆகி, புதிய நூலகம் உள்ள மெஷினில் லாகின் செய்யும் முன்பே இணைப்பு அறுந்துபோவது இப்படித்தான். எந்த விநியோகத்தில் வெளியிடுகிறீர்களோ அதே நூலகம், அதே கட்டமைப்பு கொண்ட மெஷினில் ஓட்டுங்கள், 32-பிட்டுக்கும் வெளியிடுகிறீர்கள் என்றால் அதிலும்.

சரி, இவ்வளவும் செய்து, ஸ்கிப் எதுவும் இல்லாமல் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பானதா? இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாஸ் ஆன டெஸ்ட் வருகிறது.

தொகுப்பில் ‘லாகின்-டைம்அவுட்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. லாகின் அவகாசத்தைப் பத்து வினாடியாகவும், அங்கீகாரம் முடியாத இணைப்புகளின் வரம்பை ஒன்றாகவும் வைத்துவிட்டு, ஒரு இணைப்பைத் திறந்து சும்மா விட்டுவிடும். அவகாசம் முடிந்ததும் சர்வர் அதைத் துரத்திவிட வேண்டும், அடுத்தவர் இணைய முடிய வேண்டும். முடிந்தால் பாஸ். எளிமையான, நல்ல டெஸ்ட். 2021 மார்ச்சில் வந்த 8.5-இல் இருந்து 9.7 வரை ஒவ்வொரு வெளியீட்டிலும் அவகாசம் முடிந்ததும் ஓடும் எந்தக் கையாளியை (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) இந்த டெஸ்ட் இயக்கிப் பார்த்ததோ, அதே கையாளியில்தான் 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய ‘ரிக்ரெஷன்’ ஓட்டை இருந்தது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-6387. பெயரே அதன் கதையைச் சொல்லிவிடும்: 2006-இல் கண்டுபிடித்து 4.4-இல் அடைத்த சிவிஇ-2006-5051 திரும்ப வந்துவிட்டது. அவகாசம் முடியும்போது ஒரு அலாரம் சிக்னல் வரும், நடந்துகொண்டிருந்த வேலை எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே நிறுத்தப்பட்டு கையாளி ஓடும். அங்கே லாக் எழுதும் சிஸ்லாக் ஃபங்ஷனை அழைக்கக் கூடாது, ஏனென்றால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி-யில் அது நினைவகம் ஒதுக்கும் வேலையைச் செய்யக்கூடும், நிறுத்தப்பட்ட வேலையும் அதே ஒதுக்கீட்டின் நடுவில் இருந்திருக்கலாம். 2006-க்குப் பிறகு இதைத் தடுத்து நின்றது ஒரு நிபந்தனைக் கம்பைல் வரி. 2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது அந்த வரி விடுபட்டுப்போனது. லாக் பகுதியை, கவனியுங்கள்.

அந்தப் போட்டியில் ஒருமுறை வெல்ல, 32-பிட் லினக்ஸில் குவாலிஸுக்குச் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. முழுத் தாக்குதலுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். நம் டெஸ்ட் ஒருமுறை காத்திருக்கிறது, இணைப்பு துரத்தப்படுகிறது, பாஸ். ஓட்டை இருந்த கையாளியைத் தொட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கும் மேலாக அது சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டது ஒரே கேள்வி, இணைப்பு துரத்தப்பட்டதா? ஆம், துரத்தப்பட்டது.

இதேபோல் இன்னொன்று. டெபியன் லினக்ஸில் 2006 செப்டம்பரில் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்-இல், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கை வருகிறதே என்று இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். 2008 மே மாதம் வரை அங்கே உருவான சாவிகள் ஒரு வகைக்கும் ஒரு நீளத்துக்கும் சுமார் 32 ஆயிரம் விதங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன, புராசஸ் எண் மட்டும்தான் அவற்றில் மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சாவிகளால் லாகின் செய்ய முடிந்தது, கையெழுத்து சரிபார்க்க முடிந்தது, எந்த ரிக்ரஷன் டெஸ்ட்டும் குறை சொல்ல வழியே இல்லை. 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) பின்கதவு இன்னும் மோசம், எஸ்எஸ்எச்டி-யைக் குறிவைத்த அந்த நிரல் ஒளிந்திருந்ததே டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் இருந்த பைனரி கோப்புகளில். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர் அதைப் பிடித்தது எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று கவனித்துத் துருவியதால். அதனால் உங்கள் பேட்சின் டெஸ்ட்டுக்கு மாதிரிச் சாவிகள் தேவைப்பட்டால் ஓட்டத்தின்போதே கீஜென் கொண்டு உருவாக்குங்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பைனரி கோப்பைச் சேர்க்காதீர்கள். லாகின் ஆக எடுக்கும் நேரத்தையும் ஓட்டத்துக்கு ஓட்டம் பதிந்துவையுங்கள், டெஸ்ட்டுக்கு ஆன நேரத்தைக் காட்டச் சொல்லவும் தொகுப்பில் ஒரு மாறி இருக்கிறது.

இப்போது உங்கள் பேட்ச். லாகின் டைம்அவுட் ஆகும்போது கூடுதல் விவரத்தை லாகில் எழுதுகிறது என்றீர்கள். 8.4-க்காக எழுதியது என்றால் அந்த வரி எங்கே இருக்கும்? பெரும்பாலும் அந்த அலாரக் கையாளிக்குள்ளேயே. 9.8-இல் அந்த இடத்தை மாற்றி எழுதிவிட்டார்கள்: கையாளி எதையும் லாகில் எழுதாது, ஒரு குறிப்பிட்ட எண்ணோடு உடனே வெளியேறிவிடும், அந்த எண்ணைப் பார்த்து, காத்திருக்கும் தாய் புராசஸ்தான் நிதானமாக லாகில் எழுதுகிறது. உங்கள் பேட்சைப் புதிய மூலநிரலுக்குக் கொண்டுவந்தவர், மோதல் வந்த இடத்தில் பழைய லாக் வரியைத் திரும்ப அந்தக் கையாளிக்குள்ளேயே ஒட்டியிருந்தால், அடைத்த ஓட்டையை உங்கள் பில்டில் மட்டும் நீங்களே திறந்துவிட்டிருப்பீர்கள், லாகின்-டைம்அவுட் டெஸ்ட்டும் பாஸ் என்றே சொல்லும்.

ஆகவே வேறெதற்கும் முன்னால் செஷன் பைனரியின் மூலநிரலைத் திறந்து, சிக்னல் கையாளியாகப் பதிவாகும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பட்டியலிட்டு, அவை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ உங்கள் பேட்சின் எந்த வரியையாவது தொடுகின்றனவா என்று கையால் பாருங்கள். தொட்டால் அந்த வரியை அங்கிருந்து எடுத்துத் தாய் புராசஸ் பக்கம் கொண்டுபோங்கள், விவரம் அங்கே கிடைக்காவிட்டால் அந்த விவரத்தையே விட்டுவிடுங்கள். அது முடிந்த பிறகு டெஸ்ட் எழுதுங்கள்: லாகின்-டைம்அவுட் ஸ்கிரிப்ட்டைப் பிரதி எடுத்து, இணைப்பு துரத்தப்பட்டதா என்பதோடு, உங்கள் லாக் வரி வந்ததா, அது தாய் புராசஸின் எண்ணில் இருந்து வந்ததா என்பதையும் சரிபார்க்கும்படி மாற்றுங்கள். பேட்சின் பழைய வடிவத்தின்மேல் அதை ஓட்டி, புராசஸ் எண் பொருந்தாமல் ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, புதிய வடிவத்தின்மேல் ஓட்டுங்கள். சூடோவோடும் ஓட்டுங்கள். அது ஃபெயில் ஆகாமலே இரண்டிலும் பாஸ் ஆனால், மூன்றாவது பத்தியில் சொன்ன பைனரி பாதையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.